சின்ன ப்ரூவரி பீரை ருசி பார்த்து மார்க் போடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரே பீருக்கு ஒரே சாயங்காலத்தில் 50-க்கு 31 மார்க்கும் 38 மார்க்கும் போட்ட ஆள் நான். நண்பர் ஒருவர் என் கண்ணில் படாமல் ஊற்றிக் கொண்டுவந்து வைத்த ஐந்து கிளாஸில் இரண்டாவதும் ஐந்தாவதும் ஒரே குழாயிலிருந்து பிடித்தவை. இரண்டாவதைப் பற்றி "கசப்பு தூக்கல், மால்ட் எங்கே போனது?" என்று எழுதியிருந்தேன், ஐந்தாவதைப் பற்றி "எல்லாம் அளவாக இருக்கிறது" என்று. மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய தானியம், பீரின் இனிப்பு அதிலிருந்துதான். நடுவில் நான்காவதாக வந்தது ஒரு டபுள் ஐபிஏ, கசப்பும் ஆல்கஹாலும் தூக்கலான வகை. அதன் கசப்பு நாக்கில் ஏறி உட்கார்ந்த பிறகு வந்த எதுவும் சாதுவாகத்தான் தெரிந்திருக்கும். நண்பர் சிரித்து முடிக்க வெகு நேரமானது. என்ன மார்க் போடுகிறோம் என்பதைவிட எப்படிப் போடுகிறோம் என்பதில் எனக்கு அக்கறை வந்தது அன்றைக்குத்தான்.

சின்ன ப்ரூவரி என்றால் எவ்வளவு சின்னது என்பதற்கு ஊருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் ப்ரூவர்ஸ் அசோசியேஷன் கணக்குப்படி ஆண்டுக்கு 60 லட்சம் பேரல் வரை காய்ச்சினாலும் சின்னதுதான். ஒரு பேரல் சுமார் 117 லிட்டர், பெருக்கிப் பார்த்தால் 70 கோடி லிட்டர். அது எந்த வகையில் சின்னது என்று எனக்குப் புரியவில்லை. நான் இங்கே பேசுவது, காய்ச்சுகிறவரே சில நாள் குழாயடியில் நின்று ஊற்றிக் கொடுக்கும் இடங்களைப் பற்றி. இந்த இடங்களில் ஒரு பேட்ச் போல இன்னொரு பேட்ச் இருக்காது. பெரிய ஆலைகள் பல பேட்ச்களைக் கலந்து ஒரே ருசிக்குக் கொண்டுவந்துவிடும். இங்கே அதற்கு வசதி இல்லை, ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) அறுவடை மாறினாலும் ஈஸ்ட் கொஞ்சம் சோர்ந்தாலும் கிளாஸில் தெரிந்துவிடும். ஆகவே நீங்கள் போடும் மார்க் நீங்கள் குடித்த அந்த பேட்ச்சுக்குத்தான் பொருந்தும். நோட்டில் முதல் வரியாகத் தேதியும், தெரிந்தால் பேட்ச் எண்ணும் எழுதுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

முதலில் மூக்கையும் வாயையும் தயார் செய்யுங்கள்

ருசி பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே காபி, காரம், பூண்டு, புகை எதுவும் வேண்டாம். பல் துலக்கிய கையோடு உட்காராதீர்கள், அரைத்த புதினாவில் பீர் ஊற்றியது போல இருக்கும். சென்ட் போட்டுக்கொண்டு வராதீர்கள். உங்களோடு சேர்த்துப் பக்கத்தில் இருப்பவரின் மூக்கும் கெடும். உதட்டுக்குத் தைலம் பூசுகிறவர்கள் துடைத்துவிட்டு வாருங்கள், அந்த எண்ணெய்ப் பசை பட்டால் நுரை நிமிடத்தில் அடங்கிவிடும். சளி பிடித்திருந்தால் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். மூக்கு அடைத்தவன் போடும் மார்க்குக்கு மதிப்பில்லை.

எவ்வளவு குடிக்கிறோம் என்ற கணக்கும் இருக்கட்டும். 5 சதவீத பீரில் 100 மில்லி வீதம் ஐந்து கிளாஸ் என்றால் சுமார் 20 கிராம் ஆல்கஹால் உள்ளே போகிறது. அதன் பிறகு வண்டி ஓட்டக் கூடாது, அதன் பிறகு போடும் மார்க்கையும் நம்பக் கூடாது. நான் ஒரே அமர்வில் ஐந்தைத் தாண்டுவதில்லை. ருசிக்கு உண்மையில் 60, 70 மில்லி போதும். மீதி, சூடு ஏறிய பிறகு திரும்பப் பார்ப்பதற்கு.

கிளாஸ்: பாதித் தவறு இங்கேதான்

ஒரு தடவை நல்ல பில்ஸ்னர் (தெளிவான, வெளிர் பொன்னிற பீர்) ஒன்றை "நுரை நிற்கவில்லை, தட்டையாக இருக்கிறது" என்று எழுதி மார்க்கை வெட்டினேன். வீட்டுக்கு வந்து அதே பீர் புட்டியைத் திறந்து ஊற்றினால் நுரை தொப்பி போல நிற்கிறது. குற்றம் அந்த இடத்தில் கொடுத்த கிளாஸில் ஒட்டியிருந்த சோப்பில். அதற்குப் பிறகு ஊற்றும்போதே கிளாஸின் உட்சுவரைப் பார்த்துவிடுகிறேன். குமிழிகள் சுவரில் ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றால் அங்கே எண்ணெயோ அழுக்கோ இருக்கிறது என்று அர்த்தம். சுத்தமான கிளாஸில் ஒவ்வொரு மடக்குக்கும் நுரை ஒரு வளையம் விட்டுக்கொண்டே இறங்கும். வீட்டில் சோதிக்க, கிளாஸை நனைத்து உள்ளே உப்பைத் தூவுங்கள். உப்பு சீராக ஒட்டினால் சுத்தம், திட்டுத் திட்டாக விட்டுப்போனால் மறுபடி கழுவ வேண்டும்.

வடிவத்தைப் பொறுத்தவரை, வாய் கொஞ்சம் குறுகிய துலிப் கிளாஸ் ஒன்று இருந்தால் போதும், அது வாசனையைப் பிடித்து வைக்கும். ஒவ்வொரு வகைக்கும் ஒரு கிளாஸ் வாங்குவது ஆசைக்குத்தான், மார்க்குக்கு அவசியமில்லை. என்ன கிளாஸானாலும் எல்லா பீருக்கும் ஒரே கிளாஸாக இருக்கட்டும். ஃப்ரீசரில் வைத்து உறைந்த கிளாஸை மட்டும் மறுத்துவிடுங்கள்.

ஏன் என்றால் குளிர் வாசனையை அமுக்கிவிடும். லாகர் (குளிர்ச்சியில் நொதிக்க வைக்கும் பீர்) 4 முதல் 7 டிகிரி, பேல் ஏல், ஐபிஏ வகைகள் 8 முதல் 12, கனமான ஸ்டவுட், பார்லி வைன் என்ற வலுவான பீர் போன்றவை 12, 14 வரைக்கும் கூடப் போகலாம். தெர்மாமீட்டர் எல்லாம் வேண்டாம். வந்ததும் ஒரு தடவை குறிப்பெழுதுங்கள், பத்து நிமிடம் உள்ளங்கையில் பிடித்திருந்துவிட்டு இன்னொரு தடவை எழுதுங்கள். மோசமான பீர் இந்தப் பத்து நிமிடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். நல்ல ஸ்டவுட் அப்போதுதான் வாயையே திறக்கும்.

எதை முதலில், எதைக் கடைசியில்

நிறத்தைப் பார்த்து வரிசைப்படுத்துவது எல்லோரும் செய்யும் தவறு. கருகருவென்று இருக்கும் 4 சதவீத ட்ரை ஸ்டவுட், பொன்னிறத்தில் இருக்கும் 9 சதவீத பெல்ஜிய ட்ரிபெலைவிட எவ்வளவோ இலகுவானது. ஆல்கஹால், கசப்பு, இனிப்பு, இந்த மூன்றும் குறைவாக இருப்பதிலிருந்து கூடுதலாக இருப்பதை நோக்கிப் போங்கள். புளிப்பு பீர், புகையூட்டிய மால்ட் பீர் இரண்டையும் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள், அவை நாக்கை விட்டு லேசில் போகாது. நடுவில் தண்ணீர், உப்பில்லாத வெறும் ரொட்டித் துண்டு, அவ்வளவுதான். என் 31, 38 கதைக்குக் காரணம் இந்த வரிசைதான்.

ஊற்றியதும் பார்க்காதீர்கள், முகருங்கள்

கிளாஸைச் சாய்த்துப் பிடித்துப் பாதி வரை ஊற்றி, பிறகு நிமிர்த்தி நடுவில் ஊற்றினால் இரண்டு விரல் உயரம் நுரை வரும். நுரையே இல்லாமல் ஊற்றுவது திறமை என்று சிலர் நினைக்கிறார்கள். வாசனையைத் தூக்கிக்கொண்டு வருவதே அந்த நுரைதான்.

கண்ணுக்கு அவசரமில்லை, நிறம் எங்கும் ஓடிவிடாது. வாசனைதான் ஓடும். ஹாப்ஸின் மெல்லிய மணமும் கந்தக வாடையும் முதல் ஒரு நிமிடத்திலேயே பறந்துவிடும், அதனால் மூக்கை முதலில் கொண்டுபோங்கள். தள்ளிப் பிடித்து ஒரு தடவை, கிட்டத்தில் குட்டிக் குட்டியாக இரண்டு மூன்று இழுப்பு, அப்புறம் உள்ளங்கையால் மூடி ஒரு சுழற்று சுழற்றிக் கையை எடுத்து ஒரு நீண்ட இழுப்பு. நான்கைந்து இழுப்புக்குப் பிறகு மூக்கு பழகிப்போய் எதுவுமே தெரியாமல் போகும். அப்போது உங்கள் சட்டைக் கையை முகருங்கள், மூக்கு திரும்பப் பழைய நிலைக்கு வந்துவிடும். பார்க்கிறவர்கள் ஒரு மாதிரி நினைப்பார்கள், பரவாயில்லை.

என்ன தேடுவது? மூன்று மூலங்களை மனதில் வையுங்கள். மால்ட்டிலிருந்து ரொட்டி, பிஸ்கட், வறுத்த தானியம், கேரமல், கருமையாக வறுத்திருந்தால் காபி, சாக்லேட். ஹாப்ஸிலிருந்து எலுமிச்சைத் தோல், பூ, புல், பைன் பிசின், இப்போது வரும் ரகங்களில் மாம்பழம், அன்னாசி வரைக்கும். ஈஸ்ட்டிலிருந்து பழ வாசனைகளும் மசாலா வாசனைகளும். ஜெர்மன் கோதுமை பீரான ஹெஃபவைசனில் வாழைப்பழம் மணந்தால் யாரும் பழத்தைப் போடவில்லை. ஈஸ்ட் தயாரித்த ஐசோஅமைல் அசிடேட் அது. கூடவே வரும் கிராம்பு மணமும் அதே ஈஸ்ட்டின் வேலைதான்.

1970களில் மார்டன் மெய்ல்கார்ட் என்பவர் முன்னின்று உருவாக்கிய பீர் ருசிச் சக்கரம் ஒன்று இருக்கிறது, நூற்றுக்கும் மேற்பட்ட சொற்களோடு. ஒரு தடவை பார்த்து வைப்பது நல்லது. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு முகராதீர்கள். பட்டியலில் "லிச்சி" என்று பார்த்ததும் மூக்கு லிச்சியைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும், லிச்சி சாப்பிட்டே இராதவர்களுக்கும் கூட. உங்களுக்கு மழை நின்ற பிறகு வரும் மண் வாசனை தோன்றுகிறதா, புதுப் புத்தகம் தோன்றுகிறதா, பழைய மர அலமாரி தோன்றுகிறதா, அதை அப்படியே எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது "டிராபிகல்" என்ற சொல் எதையும் நினைவுபடுத்தாது. அலமாரி நினைவுபடுத்தும்.

கண்ணுக்கு உள்ள பங்கு

அது சின்னப் பங்குதான். நிறம், தெளிவு, நுரையின் உயரமும் ஆயுளும். கலங்கலாக இருப்பது குற்றமா என்பது வகையைப் பொறுத்தது: ஹெஃபவைசனும் ஹேஸி ஐபிஏவும் கலங்கலாகத்தான் இருக்க வேண்டும், பில்ஸ்னர் பளிங்காக இருப்பது அழகு. ஹேஸி ஐபிஏ மட்டும் மஞ்சளிலிருந்து மாறிச் சாம்பல் கலந்த பழுப்பாகத் தெரிந்தால் உள்ளே ஆக்சிஜன் புகுந்துவிட்டது என்று சந்தேகப்படலாம்.

வாயில்

முதல் மடக்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது வாயை நனைப்பதற்கு. இரண்டாவது மடக்கை நாக்கு முழுக்கப் பரவ விட்டு இரண்டு மூன்று வினாடி வைத்திருந்து விழுங்குங்கள், விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்த மூச்சில்தான் வருகிறது, தொண்டையின் பின்புறமாக மூக்குக்கு ஏறும் வாசனை அது. நம்பிக்கை இல்லையென்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மடக்கு குடித்துப் பாருங்கள். கசப்பு தெரியும், இனிப்பு தெரியும், பீர் தெரியாது.

நாக்கின் நுனியில் இனிப்பு, பின்னால் கசப்பு என்று பள்ளியில் ஒரு படம் காட்டினார்களே, அதை மறந்துவிடுங்கள். 1901-இல் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வைப் பின்னால் வந்தவர்கள் தவறாகப் புரிந்துகொண்டதால் பரவிய படம் அது. நாக்கு முழுவதிலும் எல்லாச் சுவையும் தெரியும்.

கசப்பைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பலகையில் ஐபியு என்று ஓர் எண் எழுதியிருப்பார்கள், கசப்பு தரும் பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதன் அளவு. லேசான லாகரில் 10 பக்கம் இருக்கும், ஐபிஏவில் 40 முதல் 70 வரை. அந்த எண்ணைப் பார்த்து மட்டும் முடிவு கட்டாதீர்கள், ஏனென்றால் மால்ட்டின் இனிப்பு கூடினால் அதே 60 மென்மையாகத் தெரியும், உலர்ந்த பீரில் 40-உம் அறையும். நான் பார்ப்பது கசப்பு எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்பதை. நல்ல கசப்பு சட்டென்று வந்து, வாயைச் சுத்தம் செய்துவிட்டு, அடுத்த மடக்கைக் கேட்கும். கெட்ட கசப்பு நாக்கின் பக்கங்களில் ஒட்டிக்கொண்டு, ஆஸ்பிரின் மாத்திரையை மென்றது போல நிமிடக்கணக்கில் போகாது.

அப்புறம் வாயில் அதன் கனம். தண்ணீர் போலவா, பால் போலவா? வாயு குத்துகிறதா, வருடுகிறதா? ஆல்கஹால் தொண்டையில் இதமாக இறங்குகிறதா, எரிகிறதா? டீத்தூள் பையை மறந்துபோய்க் கிளாஸிலேயே விட்ட டீ போல ஈறு வறண்டு இழுத்தால், அது துவர்ப்பு. மால்ட் உமியிலிருந்து டானின் அதிகமாக இறங்கியிருக்கிறது.

குற்றம் கண்டுபிடிப்பது

பிடிக்கவில்லை என்பதும் கெட்டிருக்கிறது என்பதும் வேறு வேறு. இதைப் பிரிக்கத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

வெண்ணெய் தடவிய பாப்கார்ன் வாசனை வந்தால் அது டைஅசிடைல். நொதிக்கும்போது ஈஸ்ட் வழியாகவே உருவாகிறது, கடைசியில் ஈஸ்ட்டே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், நேரம் கொடுத்தால். அவசரப்பட்டுக் குளிர வைத்தால் பீரிலேயே தங்கிவிடும். ஆனால் உடனே காய்ச்சியவரைக் குறை சொல்லிவிடாதீர்கள். ஒரே இடத்தில் இரண்டு மூன்று வெவ்வேறு குழாய் பீரிலும் வெண்ணெய் அடித்து, கூடவே லேசான புளிப்பும் இருந்தால், குழாய் கழுவாமல் கிடப்பதாகத்தான் முதலில் நினைக்க வேண்டும். பாக்டீரியாவும் டைஅசிடைலைத் தயாரிக்கும். அதே பீர் புட்டியிலோ கேனிலோ கிடைத்தால் வாங்கி ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

வேகவைத்த மக்காச்சோள வாடை டிஎம்எஸ் என்ற கந்தகச் சேர்மம். வெளிர் மால்ட்டில் அதற்கான மூலம் இருக்கிறது, நன்றாகக் கொதிக்க விட்டால் ஆவியில் போய்விடும். நறுக்கிய பச்சை ஆப்பிள் வாசனை அசிடால்டிஹைடு, பெரும்பாலும் பீர் இன்னும் முதிரவில்லை என்பதன் அடையாளம். மருந்துப் பிளாஸ்திரி வாடை குளோரின் பட்ட தண்ணீராலோ சுத்தம் செய்த திரவம் மிஞ்சியதாலோ வரலாம். இது துளி இருந்தாலும் தெரியும், இதற்கு நான் இரக்கம் காட்டுவதில்லை. நனைந்த அட்டைப்பெட்டி வாடை ஆக்சிஜன் வேலை, பழைய பீர். ஐபிஏவாக இருந்தால் கேனில் அடைத்த தேதியைப் பாருங்கள். மூன்று மாதம் தாண்டியிருந்தால் குற்றம் காய்ச்சியவர் மேல் மட்டும் இல்லை, வைத்திருந்தவர் மேலும் இருக்கிறது.

இன்னொன்று, வெயில் பட்ட பீர். இதை வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம். வெளிர் நிறத்தில் ஹாப்ஸ் தூக்கலான பீர் ஒன்றை இரண்டு கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி ஒன்றை நல்ல வெயிலிலும் ஒன்றை அலமாரிக்குள்ளும் பத்து நிமிடம் வையுங்கள். வெயில் கிளாஸில் ஒரு விலங்கு நாற்றம் எழும், ஸ்கங்க் என்ற பிராணி பீய்ச்சுவதோடு மேற்கே அதை ஒப்பிடுவார்கள். ஹாப்ஸின் கசப்புப் பொருளை ஒளி உடைப்பதால் பிறக்கும் ஒரு கந்தகச் சேர்மம்தான் காரணம். பச்சைப் புட்டி இதைத் தடுக்காது, பழுப்புப் புட்டி ஓரளவு தடுக்கும், கேனில் இந்தக் கவலையே கிடையாது. ஒரு தடவை முகர்ந்தால் ஆயுசுக்கும் மறக்காது.

ஒரு வகையில் குற்றமாக இருப்பது இன்னொரு வகையில் குணமாக இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிராம்பு மணம் ஹெஃபவைசனில் வேண்டும், பில்ஸ்னரில் வந்தால் ஏதோ வேண்டாத ஈஸ்ட் நுழைந்திருக்கிறது. புளிப்பு பெர்லினர் வைச என்ற ஜெர்மன் கோதுமை பீருக்கு உயிர், ஸ்டவுட்டில் அதே புளிப்பு நோய்.

மார்க்

பீர் நடுவர்களுக்குத் தேர்வு நடத்தும் பிஜேசிபி என்ற அமைப்பு 1985 முதல் இருக்கிறது. அவர்களின் தாளில் மொத்தம் 50 மார்க்: வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு வெறும் 3 என்பதைக் கவனியுங்கள், போட்டோ எடுப்பதிலேயே நுரையைக் கோட்டை விடுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். 45-உம் அதற்கு மேலும் அபூர்வம், 38 முதல் 44 சிறப்பு, 30 முதல் 37 மிக நன்று, 21 முதல் 29 நன்று, அதற்குக் கீழே போனால் ஏதோ பிரச்சினை. ஆப்களில் போடும் ஐந்து நட்சத்திரத்தை நான் நம்புவதில்லை. பாதிப் பீர் 3.5-க்கும் 4-க்கும் நடுவில் நெருக்கியடித்து நிற்கிறது, அதில் எதற்கு ஏன் அந்த மார்க் என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் அந்தத் தாளிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அது வகைக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்காகச் செய்தது, சின்ன ப்ரூவரியில் பாதிப் பீர் எந்த வகையிலும் அடங்காது. அதனால் நான் இரண்டு மார்க் போடுகிறேன். ஒன்று, பலகையில் என்னவென்று எழுதியிருக்கிறார்களோ அதுவாக இருக்கிறதா என்பதற்கு 50-க்கு. இன்னொன்று, இன்னொரு கிளாஸ் கேட்பேனா என்பதற்கு வெறும் ஆம் அல்லது இல்லை. இரண்டும் முரண்படும் இடத்தில்தான் எழுதுவதற்கு விஷயம் இருக்கும். 40 வாங்கி "இல்லை" வாங்கிய பெல்ஜிய ஏல்கள் என் நோட்டில் நிறைய.

மார்க்கை எழுதி முடிக்கும் வரை பக்கத்தில் இருப்பவரிடம் வாயைத் திறக்கக் கூடாது. "தேன் வாசனை வருதுல்ல?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் மேஜை முழுக்கத் தேன் வர ஆரம்பித்துவிடும். லேபிளும் அப்படித்தான், காய்ச்சியவர் நண்பராக இருந்தால் இன்னும் மோசம். முடிந்தபோது யாரையாவது மறைத்து ஊற்றச் சொல்லுங்கள். மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு, எது வேறு என்று கண்டுபிடிக்க வேண்டும். முக்கோணச் சோதனை என்று இதற்குப் பெயர், ப்ரூவரி ஆய்வகங்களிலும் இதே முறைதான். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு தடவை சரியாகிவிடும் என்பதால், ஒரு தடவை ஜெயித்துவிட்டுக் காலரைத் தூக்கிவிடாதீர்கள்.

ஒரு குறிப்பு எப்படி இருக்கும்

என் நோட்டிலிருந்து ஒரு ஹெஃபவைசன்: "வாசனை 9: பழுத்த வாழைப்பழம் முன்னால் நிற்கிறது, கிராம்பு தேடினால்தான் கிடைக்கிறது, பின்னால் ரொட்டி மாவு. தோற்றம் 3: வைக்கோல் நிறம், கலங்கல், நுரை கடைசி வரை நின்றது. ருசி 14: அதே வாழைப்பழம், கொஞ்சம் திகட்டுகிறது, கசப்பு இருப்பதே தெரியவில்லை. வாய் 4: மெத்தென்று இருக்கிறது, வாயு இன்னும் கொஞ்சம் குத்தலாம். ஒட்டுமொத்த அபிப்பிராயம் 7: முதல் பாதி ஜோர், இரண்டாம் பாதி சலிப்பு. கூட்டினால் 37. இன்னொரு கிளாஸ்: இல்லை."

காய்ச்சியவரிடம் சொல்லக் கிடைத்தால் மார்க்கைச் சொல்லாதீர்கள், அதை வைத்து அவர் ஒன்றும் செய்ய முடியாது. "37" என்றால் முகம் சுருங்கும். "வாழைப்பழம் கிராம்பை அமுக்குகிறது" என்றால் காது நிமிரும். நான் அப்படித்தான் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, அந்த வாரம் டேங்க் கொஞ்சம் சூடாகவே ஓடியது என்றார். இந்த ஈஸ்ட் பொதுவாகச் சூட்டில் வாழைப்பழத்தைக் கூட்டும், குளிர்ச்சியில் கிராம்புக்கு வழிவிடும். அடுத்த பேட்ச்சை இரண்டு டிகிரி குறைத்து ஓட்டியிருந்தார். போய்க் குடித்தேன், முன் பக்கத்தைப் புரட்டிப் பார்க்காமல் எழுதினேன்: வாசனை 10, தோற்றம் 3, ருசி 16, வாய் 4, ஒட்டுமொத்த அபிப்பிராயம் 8. கூட்டினால் 41. இன்னொரு கிளாஸ்: ஆம். பழைய 37-ஐ அடிக்கவில்லை, தேதியோடு அது அப்படியே மேலே இருக்கிறது.